கலங்கல் பீருக்கு எண்ணூறு ரூபாய்

பானப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு யூனிஃபார்ம் கொடுத்திருப்பார்கள். மெனுவை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். கண்ணாடிக் கோப்பையை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று காட்டியிருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது ஒரு விருந்தினர் மெனுவின் மேல் விரலை வைத்து, "இதுல அப்படி என்ன இருக்குதுன்னு இந்த விலை?" என்று கேட்பார். அதற்கு மட்டும் உங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலும் தப்பாகத்தான் சொன்னேன்.

என் பெயர் கலாவதி. அப்பா கோயமுத்தூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா. நான் பி.எஸ்ஸி. முடித்ததும், ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் ஒரு தரகு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு கோப்பை. உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படித் துப்பிச் சம்பாதித்தேன். பிறகு கோத்தகிரி சாலையில் ஒரு ஓட்டலில் டீ லவுஞ்சைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள், போனேன். பல வருஷம் கழித்து அங்கே பார் மேனேஜராக இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். "ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோங்க கலா" என்றார் ஜெனரல் மேனேஜர். அந்த ஒரு மாதம் நான் ஓய்வு பெறும் வரை முடியவில்லை.

நான் குடிக்கிறவள் இல்லை. பாரிலும் ருசி பார்த்துத் துப்பத்தான் செய்தேன். என் மாமியார் கடைசி வரைக்கும் சொந்தக்காரர்களிடம், "கலா ஓட்டல்ல டீ டிபார்ட்மெண்டுங்க" என்றே சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை.

கலங்கல் பீர் எங்களிடம் வந்தது தலைமை அலுவலகத்தின் ஆசையால். வார இறுதியில் பெங்களூரிலிருந்து காரில் ஏறிவரும் இளைஞர்கள் சாதாரண பீரைத் தொடுவதில்லை, அவர்களுக்கு கிராஃப்ட் பீர்தான் வேண்டும் என்று யாரோ அங்கே சொல்லியிருக்கிறார்கள். கிராஃப்ட் பீர் என்றால் பெரிய ஆலையில் இல்லாமல் சின்னக் கூடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுவது. அதிலும் அப்போது பெயர் வாங்கியிருந்தது ஹேஸி ஐ.பி.ஏ. என்கிற வகை. அரசுக் கிடங்கு வழியாக, இறக்குமதிச் சரக்காக, பத்துப் பெட்டி வந்து இறங்கியது. மெனுவில் சாதாரண பீர் முந்நூறு ரூபாய். அடுத்த வரியில் இது, ஒரு கேன் எண்ணூறு.

முதல் கேனை நானும் பார்டெண்டர் செல்வராஜும் சேர்ந்து திறந்தோம். செல்வராஜ் கோப்பையைச் சாய்த்து அழகாக ஊற்றினார். மாம்பழச் சாற்றில் தண்ணீரைக் கலந்த மாதிரி மஞ்சளாக, கலங்கலாக வந்தது. பின்னால் கையை வைத்தால் விரல் தெரியவில்லை.

"மேடம், கெட்டுப்போச்சுங்க" என்றார் செல்வராஜ்.

இன்னொரு பெட்டியிலிருந்து ஒன்றைத் திறந்தோம். அதுவும் அப்படியே. எனக்கும் சந்தேகமே வரவில்லை. பத்துப் பெட்டியும் கெட்ட சரக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அன்று சனிக்கிழமை. மெனு அச்சாகி மேசைக்கு மேசை போய்விட்டது. திங்கட்கிழமை வரை கிடங்கில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அந்த நெருக்கடியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"கேனை ஆடாம நிமித்தி வைங்க. வண்டல் அடியில தங்கட்டும். மேல தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க" என்றேன்.

மண்டியை விட்டுவிட்டு ரசத்தின் தெளிவை இறுத்து ஊற்றுவது போல, செல்வராஜ் பொறுமையாக மேலாக ஊற்றினார். முழுக்கத் தெளியவில்லை, ஆனாலும் பார்க்கக் கொஞ்சம் நன்றாக இருந்தது. கேனில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டுவிட்டார். அன்று முதலில் அதைக் கேட்டது ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பெண். ஒரு வாய் குடித்தார், கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

"மீதி எங்கே மேடம்?"

"மீதிங்களா?"

"கேன்ல மீதி இருந்திருக்குமே. கலங்கலா, கெட்டியா. அதுக்குத்தான் நான் காசு கொடுக்கறேன்."

வண்டலாக இருந்ததால் நிறுத்திவிட்டோம் என்று நான் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். ஓட்ஸும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சுவார்களாம், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவை மற்ற பீர்களைவிடப் பல மடங்கு அள்ளிப் போடுவார்களாம், வடிகட்டவே மாட்டார்களாம். அதனால்தான் அந்தக் கலங்கல். "நீங்க எடுத்து வச்சதுதாங்க பீரு. எனக்கு ஊத்துனது அதோட தண்ணி."

புதிதாக ஒரு கேனைத் திறந்து, முழுசாக ஊற்றிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே என் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். ஏனென்றால் நல்ல கெட்டியான தேயிலைச் சாறு ஆறும்போது பாலாடை விழுந்தது போலக் கலங்கும். ருசி அறையில் அதைப் பார்த்தால் நாங்கள் மார்க் கூட்டிப் போடுவோம். கலங்காத சாற்றைத்தான் சந்தேகப்படுவோம். பன்னிரண்டு வருஷம் கலங்கலுக்கு மார்க் போட்டவள், பாருக்கு வந்ததும் கலங்கலைக் கண்டு பயந்துவிட்டேன். அறை மாறியதும் நாக்கைப் பழைய அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் எந்த வேலையிலிருந்து இங்கே வந்திருந்தாலும் சரி, அங்கே கற்றதைக் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அதன் பிறகு அந்த பீரை மரியாதையாக ருசி பார்த்தேன். துப்பத்தான் செய்தேன், ஆனால் அவசரமில்லாமல். கொய்யாப்பழ வாசம், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், கடைசியில் மெல்லிய கசப்பு. வாசம்தான் அதில் எல்லாமே. சில வாரம் கழித்துத் திறந்த கேன்களில் அந்த வாசம் ஒரு படி இறங்கியிருந்தது. இன்னும் சில வாரத்தில் இன்னொரு படி. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியவைத்தவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

அவர் மேட்டுப்பாளையத்துக்காரர். எங்கள் குளிர் அறைகளின் கம்ப்ரஸரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை பைக்கில் மலையேறி வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேச்சு குறைவு. முதல் தடவை அவருக்கு பீர் வைத்திருக்கும் பான அறையைத் திறந்து காட்டியதும் அவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"மேடம், இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"

"லாண்டரிங்க. பாய்லர்."

"அதானே. அடுப்புக்குப் பின்னாடி கொண்டுபோய் பீரை வச்சிருக்கீங்க."

கம்ப்ரஸர் ஓடும்வரை குளிர் இருக்கும், ஆனால் அது மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது, நின்றால் இரண்டு மணி நேரத்தில் அறை வெந்துவிடும் என்றார். அறையில் இருந்த கேன்களைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தார். விலை என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"எண்ணூறு ரூபாய் டப்பாவுல இல்லீங்க. குளிர்ல இருக்குது. அங்க காச்சுன இடத்துல இருந்து உங்க மேசை வரைக்கும் ஒரு இடத்துலயும் அந்தக் குளிர் அறுபடக் கூடாது. அறுந்துச்சுன்னா அப்புறம் நீங்க விக்கிறது வெறும் டப்பா" என்றார்.

அறையை மாற்றச் சொல்லி, அது முடியாவிட்டால் ஜெனரேட்டரிலிருந்து ஒரு இணைப்பாவது இழுக்கச் சொல்லி ஜி.எம்.முக்குக் கடிதம் எழுதினேன். "குன்னூர்ல குளிருக்கு என்ன பஞ்சம் கலா" என்று சிரித்தார். சமையலறைக் குளிர் அறைக்கு மட்டும்தான் ஜெனரேட்டர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கடிதத்தின் மேலேயே எழுதித் திருப்பினார். நான் அதைக் கோப்பில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி. இதைத்தான் என் இரண்டாவது தப்பு என்பேன், முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. ஒரு தடவை எழுதிக் கோப்பில் வைப்பதால் ஒரு விஷயம் சொல்லப்பட்டுவிடுவதில்லை. கேட்கிறவர் காதில் விழும் வரை சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஒரு வியாழக்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் முப்பது பேர் நான்கு நாள் தங்குவதற்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் சனிக்கிழமை மதியம் "கிராஃப்ட் பீர் சுவைப்பு" என்று எங்கள் தலைமை அலுவலகமே சேர்த்திருந்தது. அவர்கள் வந்த அன்றே பின்னேரம் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது. மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து மின்சாரமும் போனது. ஜெனரேட்டர் சமையலறையைக் காப்பாற்றியது. பார் முகப்பில் இருந்த சின்ன ஃபிரிட்ஜையும் அதிலேயே செருகியிருந்தோம். பின்னால் இருந்த பான அறை இருட்டில் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், குளிரில் நடுங்கிய விருந்தினர்களுக்கு வெந்நீர் வேண்டும் என்று பாய்லர் இரண்டு நாளும் விறகு தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். மண் சரிந்த இடம் வரை பைக், அதன் பிறகு கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடை, இந்தப் பக்கம் வந்ததும் எங்கள் ஜீப். நான் கூப்பிட்டது ஜெனரேட்டரில் ஓடித் திணறிய சமையலறை கம்ப்ரஸருக்கு. அதை முடித்துவிட்டு அவராகவே பான அறைக்குப் போனார். கதவைத் திறந்ததும் எங்கள் முகத்தில் வெதுவெதுவென்று காற்று அடித்தது. உள்ளே இருந்த வெப்பமானியை அவர் எடுத்து என் கையில் கொடுத்தார். முப்பத்தொன்று. குன்னூரில், ஐப்பசியில்.

அவர் கேன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். சொல்லிக்காட்டாத மனிதர்கள் குறைவு, அதனால்தான் அவரை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இரண்டு கேன்கள் வீங்கியிருந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டோம். ஏறக்குறைய நூறு கேன் மிச்சம். முகப்பு ஃபிரிட்ஜில் குளிர் அறுபடாமல் இருந்தவை பதினெட்டுத்தான். மதியம் மூன்று மணிக்கு முப்பது பேர் வருவார்கள்.

வீட்டில் வைத்திருந்த என் பழைய ருசிக் கிண்ணங்களை ஜீப்பை அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். சூடுபட்ட கேன்களில் இரண்டைப் பனிக்கட்டியில் புதைத்துக் குளிரவைத்து, நல்ல கேன் ஒன்றையும் சேர்த்து, எது எது என்று எனக்குத் தெரியாதபடி செல்வராஜை ஊற்றச் சொன்னேன். மூன்று தடவை மாற்றி மாற்றி ஊற்றினார். மூன்று தடவையும் எனக்குத் தெரிந்தது. சூடுபட்டதில் கொய்யா போய்விட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசமும், கொஞ்சம் வெந்த வெங்காய வாசமும் இருந்தன. உடம்புக்குக் கெடுதல் இல்லை, குடிக்கலாம். ஆனால் அது எண்ணூறு ரூபாய்ச் சரக்கு இல்லை. பிறகு செல்வராஜ் குடித்துப் பார்த்தார். அவருக்கு எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜி.எம். வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. தலைமை அலுவலகம் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருக்கிறது.

"கலா, எல்லாத்தையும் ஐஸ்ல போட்டுக் கூல் பண்ணிடுங்க. செல்வராஜுக்கே தெரியலை. அவங்களுக்கா தெரியப்போகுது?"

"முப்பது பேர் சார். நாலு பேருக்காவது தெரியும்."

"அந்த நாலு பேருக்கு நல்லதை ஊத்துங்க."

"யாரு அந்த நாலு பேருன்னு குடிச்ச பிறகுதானே சார் தெரியும். தெரிஞ்சவங்களுக்கு ஒரு பீரு, தெரியாதவங்களுக்கு ஒரு பீருன்னா மெனுவுல ரெண்டு விலை போடணும்."

"அப்படின்னா போடுங்க ரெண்டு விலை" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, ஐந்தாவது தடவை அடித்த போனை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

எரிச்சலில் சொன்னதுதான், எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தால் மாற்றிச் சொல்லிவிடுவார் என்பதும் தெரியும். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் பாக்கி, என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் முதுகில் ஆபரேஷன் முடிந்திருந்தது. பத்து நிமிஷம் ஸ்டோரில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய், அன்றைய ஸ்பெஷல் எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன். ஹேஸி ஐ.பி.ஏ., குளிரில் இருந்தது, எண்ணூறு. அதே பீர், மின்சாரம் இல்லாமல் இரண்டு நாள் சூட்டில் இருந்தது, இருநூற்றைம்பது.

மூன்று மணிக்கு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முன்னால் போய் நடந்ததைச் சொன்னேன். பாய்லரையும் விடவில்லை. பிறகு பின்னால் இருந்து ஒருவர், "ரெண்டையும் ஊத்துங்க, எது எதுன்னு சொல்லாதீங்க. நாங்க கண்டுபிடிக்கறோம்" என்றார். அறை கலகலத்துவிட்டது.

முப்பது பேருக்கும் கிண்ணம் போதவில்லை, காபி தம்ளர்களையும் எடுத்து மூன்று சுற்று ஊற்றினோம். பீர்க் கோப்பை படம் போட்ட டி-ஷர்ட்டோடு, இரண்டு நாளாக எல்லோருக்கும் பீர் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். அவர் கண்ணை மூடி நிதானமாக உறிஞ்சி, வெந்த வெங்காயத்தைத்தான் "இதுதான் ஒரிஜினல்" என்று தூக்கிக் காட்டினார். அவர்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஒரு அம்மா, அதுவரை வாயே திறக்காதவர், மூன்று தடவையும் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, "ஒண்ணுல பழ வாசம் வருது, இன்னொண்ணுல வரலை, இதுல என்ன கஷ்டம்" என்றார். முப்பது பேரில் பாதிக்கும் குறைவானவர்களே சரியாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டு வாங்கியதுதான் வேடிக்கை. இருநூற்றைம்பது ரூபாய் பீர் ஐந்து மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நல்ல பதினெட்டில் ருசி காட்டியது போக மிச்சம் இருந்ததில் விற்றது ஏழு. அதில் மூன்று அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவின் மேசைக்குப் போனது.

ஜி.எம். பலகையைப் பார்த்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அவரால் அங்கே கத்த முடியவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார். "நான் சும்மா சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா சொன்னீங்க."

ஒரே பொருளுக்கு இரண்டு விலை போட்டது ஏன் என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. கொடுத்தேன். கோப்பில் இருந்த என் பழைய கடிதத்தையும், ஜி.எம். அதன் மேல் எழுதியதையும் கூடவே வைத்தேன். அவருக்கு என்னோடு ஆறு மாதம் பேச்சு இல்லை. எனக்கு இன்க்ரிமெண்ட் தாமதமாக வந்தது. பாராட்டு எதுவும் வரவில்லை, அதை எதிர்பார்த்து இப்படி எதையும் செய்துவிடாதீர்கள். ஆனால் தை மாதம் ஒரு நாள் கொத்தனார் வந்து நின்றார். பான அறை லாண்டரியை விட்டு விலகி வடக்குப் பக்கம் போனது.

அதற்குப் பிறகு விலை பற்றிக் கேட்டவர்களிடம் எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. பூவின் வாசம், அறுபடாத குளிர், பாய்லர் கதை. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள். இந்த வேலையின் ரகசியம் கையில் கிடைத்துவிட்டது என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அப்பா அம்மாவைச் சாப்பிடக் கூட்டிவந்திருந்தான். அப்பா சிறு தேயிலை விவசாயி, அறுபது வயதிருக்கும். அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். படுக மொழியில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மகன் ஹேஸி ஐ.பி.ஏ. ஒன்று சொன்னான். அப்பா மெனுவை வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஏனுங்க, எண்ணூறுன்னு போட்டிருக்குது. அச்சுத் தப்புங்களா?"

"இல்லீங்க. அதுதான் விலைங்க."

"இப்போ பச்சை இலை கிலோ இருபது ரூபாய்க்குப் போகுதுங்க. அப்போ இது நாப்பது கிலோ." மகனைப் பார்த்துச் சொன்னார், "ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கப் பறிச்சாலும் நாப்பது கிலோ சில நாள் வராது."

மகன் நெளிந்தான். நான் என் பதிலை எடுத்தேன். பூ எப்படி, வாசம் எப்படி, சூடு பட்டால் எப்படிப் போய்விடும், எத்தனை ஆயிரம் மைல் குளிரிலேயே கொண்டுவர வேண்டும். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.

"எங்க இலையும் அப்படித்தானுங்க. பறிச்சு சாக்குல அமுக்கி வச்சா ரெண்டு மணி நேரத்துல உள்ள சூடேறிடும். சிவந்துபோச்சுன்னா ஃபேக்டரில எடையைக் குறைச்சுப் போடுவாங்க. வாடாம கொண்டுபோய் சேத்தோம்னு இதுவரைக்கும் யாரும் ஒரு ரூபா கூட்டிக் கொடுத்ததில்லை." குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். "நீங்க இவ்வளவு நேரம் சொன்னது விலை ஏன் ஏறுச்சுன்னு. நான் கேட்டது, இது அந்த விலைக்குத் தகுமான்னுங்க."

பன்னிரண்டு வருஷம் அவர்களுடைய இலையைத்தான் உறிஞ்சித் துப்பி மார்க் போட்டிருக்கிறேன். சிவந்த இலையின் சாறு என்று தெரிந்தால் ஒரு நொடியில் தள்ளிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போயிருக்கிறேன். அதைப் பறித்தவர் எதிரில் நான் நின்றதில்லை.

"தெரியலீங்க" என்றேன். வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு விருந்தினரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "குடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஒரு கேனும் மூன்று கோப்பையும் கொண்டுவந்தேன். அவர் குடிக்கும் முன் மோந்தார். இலைக்காரர்கள் அப்படித்தான். "கொய்யா" என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். அம்மா நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து, கஷாயம் என்று சொல்லிக் கோப்பையை மகன் பக்கம் தள்ளினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. பத்து கிலோ கொடுக்கலாம்" என்றார் அவர்.

"மிச்சம் முப்பது கிலோங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

நாற்காலி, கண்ணாடிக் கோப்பை, ஆட்கள் சம்பளம் என்று அடுக்கினேன். அதையெல்லாம் சேர்த்தும் முப்பதில் பதினைந்து கிலோவுக்கு மேல் தேறவில்லை. கடைசியாக ஜன்னலைக் காட்டினேன். எங்கள் ஓட்டலின் பெருமையே அந்த ஜன்னல்தான். பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சரிவு முழுக்கப் பச்சைப் பசேலென்று தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், மேலே மஞ்சு. "இதைப் பாத்துக்கிட்டு உக்காந்து குடிக்கறாங்க இல்லீங்களா, அதுக்கும் சேத்துத்தாங்க விலை."

அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தத் தண்ணித் தொட்டி தெரியுதுங்களா? அதுக்குக் கீழ பாலம் வரைக்கும், ரெண்டு ஏக்கர். அது நம்ம தோட்டங்க."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். வாயைத் துணியால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு மகன், பிறகு அவர், பிறகு நான். கவுண்டருக்குப் பின்னால் செல்வராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பையைத் துடைத்தார்.

பில்லில் குறைத்துப் போடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விலை என்று போட்டுவிட்டால் அது விலைதான் என்றார். மகன் கார்டை எடுப்பதற்குள் தன் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து வைத்தார். எழுந்து பாதி தூரம் போனவர் திரும்பி வந்து, காலி கேனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"நாளைக்கு இலை எடை போடற இடத்துல எல்லாரும் இருப்பாங்க" என்றார் அவர், கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை வடித்துக்கொண்டே. "தராசுல வச்சுக் காட்டணும். நாப்பது கிலோ இவ்வளவுதான் இருக்கும்னு."